தாபதமும் இத்தாவும்: கிழக்கிலங்கைக் கரையோரத்தில் மறுமணத்தின் பொருளடிப்படை

1

துணையை இழந்த ஆணோ பெண்ணோ மீண்டும் ஒருவர்மீது அன்பு கொள்வதும் அவரை மணஞ்செய்வதும் தனிமனித உள்ளத்தின் விடயமாகவே பெரும்பாலும் பேசப்பட்டு வருகின்றன. ஒழுக்கவியலாளர் அதனைக் கற்பின் பிரச்சினையாகக் காண்பர். சீர்திருத்தவாதிகள் மனமாற்றத்தின் பிரச்சினையாகக் காண்பர். நாவலாசிரியர் அதனை உணர்ச்சிப் போராட்டமாகச் சித்திரிப்பர். இம்மூவகை நோக்கும் ஒரு வினாவைத் தவிர்த்துவிடுகின்றன. கணவன் இறந்த மறுநாள் அப்பெண் யாருடைய வீட்டில் இருக்கின்றாள்? மனைவி இறந்த மறுநாள் அவ்வாண் யாருடைய வீட்டில் இருக்கின்றான்? மீண்டும் ஒருவரை விரும்பும் உள்ளத்துக்குச் சமூகத்தில் எவ்வளவு இடம் உண்டென்பதை இவ்வினாவுக்கான விடையே பெருமளவு தீர்மானிக்கின்றது என்பதை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை ஆராய்வதற்குக் கிழக்கிலங்கைக் கரையோரம் தக்கதொரு களமாகும். கல்முனைக்குத் தெற்கே, காரைதீவிலிருந்து அம்பாறை நோக்கிச் செல்லும் வீதியில், வயல்வெளிகளை அண்டி அமைந்த முஸ்லிம் கிராமம் மாவடிப்பள்ளி. கடலோரமாக அமைந்த காரைதீவு, சுவாமி விபுலாநந்தர் 1892 இல் பிறந்த ஊர். கண்ணகி அம்மன் கோயிலாற் பெயர்பெற்ற தமிழ் ஊர். இவ்விரு ஊராரும் பேசும் மொழி ஒன்று. உழும் நிலவெளி ஒன்று. மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அவ்வீட்டுக்கு அழைத்துக்கொள்ளும் வழக்கமும் ஒன்று. ஆயினும், கணவனை இழந்த பெண்ணின் எதிர்காலம் பற்றி இவ்விரு ஊர்களின் கருத்துநிலையும் ஒன்றல்ல. ஒற்றுமையும் வேற்றுமையும் இவ்வாறு அருகருகே நிற்பதனால், பொருளடிப்படைக்கும் கருத்துநிலைக்கும் இடையேயுள்ள உறவை இங்கு நுணுக்கமாகக் காணமுடிகின்றது.

2

தமிழ் இலக்கிய மரபு இப்பொருளை எங்ஙனம் நோக்கியது என்பதை முதலிற் காணுதல் வேண்டும். தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித் திணையின் துறைகளுள் இரண்டை இணைத்துக் கூறுகின்றது. மனைவியை இழந்தவனின் நிலை தபுதார நிலை எனப்படும். கணவனை இழந்தவளின் நிலை தாபத நிலை எனப்படும். இலங்கைத் தமிழில் இன்றும் அரச படிவங்களில் வழங்கும் 'தபுதாரர்' என்னும் சொல்லின் வேர் அதுவே.

இவ்விரு பெயர்களும் ஒத்த பெயர்கள் போலத் தோன்றினும் அவற்றின் பொருள் ஒத்ததன்று. தபுதாரம் என்பது தாரம் அழிந்த நிலை. நடந்ததொரு நிகழ்வை மட்டும் அது கூறுகின்றது. தாபதம் என்பது தவம். இனி அப்பெண் எவ்வாறு வாழவேண்டும் என்பதையும் அது விதித்துவிடுகின்றது. ஆணுக்கு நேர்ந்தது இழப்பு. பெண்ணுக்கு நேர்ந்தது இழப்பும் அதன்மேல் ஒரு நோன்பும். புறநானூற்றில் அடுத்தடுத்து அமைந்துள்ள 245 ஆம், 246 ஆம் பாடல்கள் இவ்வேறுபாட்டுக்கு இலக்கியச் சான்றாகும். முன்னதில், மனைவியை ஈமத்தில் இட்டபின்னும் தான் உயிரோடிருப்பதை எண்ணிச் சேரமான் மாக்கோதை வியந்து வருந்துகின்றான். பின்னதில், பூதபாண்டியனின் தேவி கைம்மை வாழ்வின் உணவையும் படுக்கையையும் வெறுத்துத் தீயே மேலெனத் துணிகின்றாள். துயரத்தில் இருவரும் ஒப்பர். துயரத்தின்பின் அவர்களுக்குக் கிடைக்கும் வாழ்க்கையில் ஒவ்வார்.

எனினும், உயர்குடி இலக்கியம் காட்டும் இந்நோன்பையே தமிழ்ச் சமூகம் முழுவதன் நடைமுறையாகக் கொள்வது வரலாற்றுத் தவறாகும். யாழ்ப்பாணத்து வழமைகளை ஒல்லாந்தர் 1707 இல் தொகுத்த தேசவழமைச் சட்டம் இதற்கு மறுப்பாக நிற்கின்றது. தந்தை மறுமணஞ் செய்தால் பிள்ளைகளின் பராமரிப்பும் தாயின் சீதனமும் யாரைச் சேரும், தாய் மறுமணஞ் செய்தால் முதற் கணவனின் முதுசத்துக்கு யார் உரியர் என்பவற்றையெல்லாம் அச்சட்டம் விரிவாக வகுக்கின்றது. நடைமுறையில் இல்லாத ஒன்றுக்கு எவரும் பங்கீட்டு விதி வகுப்பதில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்திற் பெண்களின் மறுமணம் வழக்கில் இருந்ததென்பதும், அன்றைய சமூகத்தின் கவலை கற்பைக் காட்டிலும் காணியைப் பற்றியதாக இருந்ததென்பதும் இதனால் பெறப்படும். பிற்காலத்தில் அவ்வழக்கு இழிவாகக் கருதப்பட்டமை, நிலவுடைமைச் சாதியின் ஒழுக்க நெறி சமூகத்தின் பொதுநெறியாக உயர்த்தப்பட்டதன் விளைவெனக் கொள்ளலாம்.

3

கருத்து மாற்றம் மட்டும் போதுமா என்னும் வினாவுக்கு இந்தியச் சீர்திருத்த வரலாறு தெளிவான விடை தருகின்றது. ஈசுவர சந்திர வித்தியாசாகரின் முயற்சியால் 1856 இல் இந்து விதவை மறுமணச் சட்டம் நிறைவேறியது. கைம்பெண்ணின் மறுமணத்தைச் சட்டபூர்வமாக்கிய அதே சட்டத்தின் இரண்டாம் பிரிவு, மறுமணஞ் செய்தவள் இறந்த கணவனின் சொத்தில் தனக்கிருந்த உரிமைகளை, அன்றே அவள் இறந்துவிட்டாற் போல, இழப்பாள் என்றும் விதித்தது. ஒரு கையால் மாலையை நீட்டிய சட்டம் மறு கையால் வீட்டுச் சாவியைப் பறித்துக்கொண்டது.

மறுமணம் ஏற்கெனவே வழக்கிலிருந்த உழைக்கும் சாதியினரையும் இவ்விதி தாக்கியது. அவர்களுக்கு இப்பிரிவு பொருந்தாதென அலகாபாத் உயர் நீதிமன்றம் கொண்டது. ஏனைய பெரிய உயர் நீதிமன்றங்கள் அவர்களும் சொத்தை இழப்பர் என்றே தீர்த்தன. முன்னேற்றச் சட்டமொன்று, முன்னரே உரிமை பெற்றிருந்த ஏழைப் பெண்களின் நிலையைப் பின்தள்ளிய வரலாற்று முரண் இதுவாகும். அச்சட்டம் 1983 இலேயே நீக்கப்பட்டது.

தமிழ்ப் புனைகதையில் அ. மாதவையாவின் 'முத்துமீனாட்சி' (1903) பிராமணக் கைம்பெண்ணின் மறுமணத்தைத் துணிந்து பேசிய முன்னோடி நாவலாகும். சுயமரியாதை இயக்கத்தினர் 1929 இற் செங்கல்பட்டில் கூடிய மாநாட்டில் கைம்பெண் மறுமணத்தையும் பெண்களின் சொத்துரிமையையும் ஒரே மேடையில் வலியுறுத்தினர். இவ்விரு கோரிக்கைகளும் ஒன்றையொன்று வேண்டிநிற்பவை என்பதை உணர்ந்தமையே அவ்வியக்கம் அதற்கு முற்பட்ட சீர்திருத்தங்களைக் கடந்து சென்ற இடமாகும்.

4

இனி இஸ்லாமிய மரபைக் காண்போம். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் காத்திருக்க வேண்டும் என்பது குர்ஆனின் விதி. கருவுற்றிருப்பின் மகப்பேற்றோடு அக்காலம் முடியும். இதனைக் கிழக்கிலங்கையில் 'இத்தா இருத்தல்' என்பர். இத்தாவில் இருக்கும் பெண் வெள்ளை உடுத்து வீட்டினுள் இருப்பது இலங்கை முஸ்லிம்களின் வழக்கம்.

தாபதத்துக்கும் இத்தாவுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு கால வரையறையாகும். தாபதத்துக்கு முடிவில்லை, இத்தாவுக்கு முடிவுநாள் உண்டு. துயரத்துக்கு நாட்கணக்கு இட்டது அன்பைக் குறைத்து மதிப்பதாகச் சிலர் கருதலாம். உண்மையில், கணக்கிடப்பட்ட துயரமே துயருற்றவரை மீண்டும் சமூகத்தினுள் அனுமதிக்கின்றது. மேலும், இத்தாக் காலத்திலேயே ஓர் ஆண் அப்பெண்மீது கொண்ட விருப்பத்தைக் குறிப்பாக உணர்த்துவதும் உள்ளத்தில் வைத்திருப்பதும் குற்றமாகாதென்று குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் கூறுகின்றது. இரகசிய வாக்குறுதியையே அது விலக்குகின்றது. இழப்பின் நிழலிலேயே புதிய அன்பு முளைவிடக் கூடும் என்பதை மறைக்காது ஏற்று, அதற்கு ஒழுங்கு வகுத்த சட்ட நோக்கு இதுவாகும்.

ஹதீஸ் தொகுப்புகளிலுள்ள சுபைஆவின் நிகழ்ச்சியும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. கணவன் இறந்து சின்னாட்களிற் பிள்ளை பெற்ற அப்பெண், மணம் பேச வருவோருக்காகத் தன்னை அலங்கரித்துக் கொண்டாள். நான்கு மாதமும் பத்து நாளும் கழியவில்லையே என ஒருவர் கடிந்தார். அவள் நேரே நபிகளாரிடம் சென்று கேட்டாள்; அவள் விரும்பினால் மணக்கலாம் என்று தீர்ப்பாயிற்று. நபிகளாரின் முதல் மனைவி கதீஜா கைம்பெண்ணாய் இருந்தவர். தம் பொருளைத் தாமே வணிகத்தில் ஈடுபடுத்தியவர். மணப்பேச்சைத் தாமே தொடக்கியவர். கதீஜாவின் சுதந்திரத்தை அவருடைய மூலதனத்திலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது.

சட்டத்தின் வேறு இரு கூறுகளும் முக்கியமானவை. முதலாவது, கைம்பெண்ணுக்குரிய பங்கு. பிள்ளைகள் இருப்பின் கணவனின் சொத்தில் எட்டில் ஒரு பங்கும், இல்லையெனில் நான்கில் ஒரு பங்கும் அவளுக்குரியன. அளவிற் சிறிதாயினும் அது முழுவுரிமை. மறுமணத்தால் அது பறிபோவதில்லை. 1856 ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இதனை ஒப்பிட்டுக் காண்க. இரண்டாவது, சம்மதம். இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மரபில், கன்னிப் பெண்ணின் மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படும். முன்பு மணமாகி வாழ்ந்தவளோ வாய்திறந்து சம்மதம் கூறுதல் வேண்டும். அவளைத் தந்தையும் கட்டாயப்படுத்த இயலாது. அதாவது, ஒரு பெண் தன் மணம் பற்றித் தானே பேசவேண்டிய முதற் சந்தர்ப்பம் அவளுடைய இரண்டாவது மணமாகும்.

5

சட்டம் அனுமதிப்பதை எல்லாம் சமூகம் அனுமதிப்பதில்லை. இதே குர்ஆனையும் இதே ஹதீஸ்களையும் ஏற்றுக்கொண்ட வட இந்திய உயர்குல முஸ்லிம்களிடையே பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் கைம்பெண்ணின் மறுமணம் குடும்பத்துக்கு இழிவெனக் கருதப்பட்டது. 1831 இற் பாலகோட்டில் உயிரிழந்த சையித் அகமது பரேல்வி அதனை எதிர்த்துப் பிரசாரஞ் செய்ததோடு, தம் இறந்த சகோதரரின் கைம்பெண்ணைத் தாமே மணந்து முன்மாதிரி காட்டவேண்டியிருந்தது. மறைநூல் ஒன்றாயிருந்தும் பெண் கணவனின் குடும்பத்துள் வாழ்ந்து அதன் சொத்தையே சார்ந்திருந்த சமூகத்தில், மறைநூலின் அனுமதி ஏட்டளவில் நின்றுவிட்டது.

கிழக்கிலங்கையில் அவ்வனுமதி நடைமுறையானமைக்கான காரணம் அங்குள்ள வீட்டின் வரலாற்றிலேயே உள்ளது. மட்டக்களப்புப் பிரதேசத்தில் தமிழரும் முஸ்லிம்களும் தாய்வழிக் 'குடி' அமைப்பை உடையவர். பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடியினுள் மணஞ் செய்தல் விலக்கு. முஸ்லிம் ஊர்களிற் பள்ளிவாசல் நிருவாகமும் குடிக்கொரு மரைக்கார் என்னும் முறையிலேயே பண்டு அமைந்தது. இதற்குரிய பழைய சொத்து முறையை முக்குவர் சட்டம் என வழங்குவர். கிறிஸ்தோபர் பிரிட்டோ அது பற்றிய நூலை வெளியிட்ட 1876 ஆம் ஆண்டிலேயே 15 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனை வழக்கொழியச் செய்தது. முஸ்லிம்களைப் பொறுத்தவரை, 1806 ஆம் ஆண்டு முகம்மதியர் சட்டக்கோவை 1852 இல் தீவு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இறப்புரித்தை மார்க்கச் சட்டத்தின்கீழ்க் கொணர்ந்தது.

இச்சட்டங்களால் தாய்வழிச் சொத்துமுறை ஏட்டில் மறைந்தது, வளவில் மறையவில்லை. மார்க்கச் சட்டப்படி இறப்புரித்தில் மகளின் பங்கு மகனின் பங்கிற் பாதியாகும். ஆனால் பெற்றோர் உயிரோடிருக்கும்போதே வீட்டையும், இயன்றால் வயற்காணியையும், மகளுக்குச் சீதன உறுதியாக எழுதிக் கொடுத்தனர். உயிரோடிருப்பவர் வழங்கும் அன்பளிப்பு இறப்புரித்து விதிக்கு உட்படாது. பழைய முறை இவ்வாறு புதிய சட்டத்தின் வாயில் வழியாகவே மீண்டும் உள்ளே வந்தது. நூர் யல்மன் 1967 இல் வெளியிட்ட நூலிலும், அக்கரைப்பற்றை மையமாகக் கொண்டு டெனிஸ் மக்கில்வ்ரே 2008 இல் வெளியிட்ட நூலிலும் இவ்வமைப்பு விரிவாக ஆராயப்பட்டுள்ளது.

இதன் விளைவு எளிதில் விளங்கும். இக்கரையோரத்துப் பெண் கணவனை இழக்கும்போது வீட்டை இழப்பதில்லை. அவளை வெளியேற்றும் மாமியார் இல்லை. அவள் நடத்தையைக் காவல்புரியும் கொழுந்தனின் கூரையும் இல்லை. அயல்வீடுகளில் அவளுடைய தாயும் சகோதரிகளும் வாழ்கின்றனர். இத்தா முடிந்தபின் ஒருவர் மணம் பேச வந்தால், அவர் அவளுடைய வாசலிலேயே வந்து நிற்கவேண்டும். வீடுடைய பெண்ணின் சொல்லுக்கு வீடற்ற பெண்ணின் சொல்லுக்கில்லாத எடை உண்டு. வாய்திறந்து சம்மதம் கூறவேண்டும் என்ற சட்டவிதி, திறக்கும் வாய்க்கு ஒரு நிலைக்களன் இருந்தமையாலேயே இங்கு பயன்பட்டது.

6

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழக்கூடும். காரைதீவிலும் வீடு பெண்ணுக்கே உரியது. அங்கும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கே வருகின்றான். அவ்வாறாயின், மங்கலச் சடங்குகளிலிருந்து கைம்பெண்ணை விலக்கும் வழக்கம் இந்துத் தமிழரிடையே நீடிக்க, இத்தா முடிந்ததும் அவ்விலக்கு முஸ்லிம்களிடையே நீங்கிவிடுவது ஏன்? அடித்தளம் ஒன்றாயிருக்க மேற்கட்டுமானம் எவ்வாறு வேறுபட்டது?

காரைதீவு உள்ளிட்ட மட்டக்களப்புப் பிரதேசக் கோயில்களின் வைகாசிச் சடங்கிற் 'கண்ணகி வழக்குரை' பாடப்படுகின்றது. கணவனை இழந்து நீதி கேட்ட பெண்ணே அங்கு தெய்வம். அவளுடைய ஆற்றல் முழுவதும் இழந்த கணவன்மீது கொண்ட மாறாப் பற்றிலிருந்தே பிறக்கின்றது. மாவடிப்பள்ளியிற் போற்றப்படும் முன்மாதிரி கதீஜா. கைம்பெண்ணாயிருந்து மீண்டும் மணந்து வாழ்ந்தவர். ஒரே வயலின் இரு கரைகளில் இவ்விரு பெண்ணுருவங்களும் நிற்கின்றன. இவை வெறும் பிரதிபலிப்புகளல்ல. தத்தம் ஊரின் பெண்களுக்கு எது எண்ணத்தக்கது, எது எண்ணத்தகாதது என்பதை வரையறுக்கும் ஆற்றலுடையவை.

பொருளாதாரம் ஒன்றே தீர்மானிக்கும் காரணி என்று கூறுவது தம் கருத்தைத் திரிப்பதாகும் என்று எங்கெல்ஸ் 1890 இல் பிளொக்குக்கு எழுதிய கடிதத்தில் எச்சரித்தார். அவ்வெச்சரிக்கையை மனங்கொண்டு நாம் பெறும் முடிபு இதுவாகும். வட இந்திய உதாரணம், அனுமதி இருந்தும் வீடின்றேல் மறுமணம் அரிதாகும் என்பதைக் காட்டுகின்றது. காரைதீவின் உதாரணம், வீடு இருந்தும் அனுமதியின்றேல் மறுமணம் தயக்கத்துக்குரியதாகும் என்பதைக் காட்டுகின்றது. மாவடிப்பள்ளி போன்ற ஊர்களில் இரண்டும் சேர்ந்தன. ஆகவே 'இஸ்லாம் இப்பிரச்சினையைத் தீர்த்துவிட்டது' என்னும் சமயப் பெருமிதமும், 'சொத்துறவு மாறினால் எல்லாம் தாமே மாறும்' என்னும் இயந்திரப் பாங்கான பொருள்முதல்வாதமும் ஒரே அளவில் குறையுடையன.

7

எனினும், இக்கரையோரத்து அமைப்பை இலட்சியப்படுத்துதல் தவறாகும். பெண்ணுக்கு வீட்டைத் தந்த அதே சீதன முறை, அவ்வீட்டை அவளிடமிருந்து வாங்கியும் விடுகின்றது. மகள் மணமாகும்போது தாய் தன் வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு வேறு சிறு வீட்டுக்கோ வளவின் பின்புறத்துக்கோ ஒதுங்குவது வழக்கம். ஒன்றுக்கு மேற்பட்ட பெண்மக்கள் இருந்தால் ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு வேண்டும். இதன்மேல் மாப்பிள்ளைக்குக் கைக்கூலியும் கொடுத்தல் வேண்டும். இதன்படி, கைம்பெண்ணின் சுதந்திரம் கணவனின் இறப்புக்கும் மூத்த மகளின் மணத்துக்கும் இடைப்பட்ட சில ஆண்டுகளுக்கே உரியது. அக்காலத்தினுள் அவள் மீண்டும் மணஞ் செய்தால், புதுக் கணவனால் மகளின் சீதனத்துக்குக் குறை நேருமோ என்ற ஐயம் உறவினரிடையே எழும். அக்காலம் கழிந்தபின் அவளுக்கு விருப்பம் இருக்கலாம். வரவேற்கும் வாசல் இராது.

தரகரும் போடியாரும் கொண்ட சமூகத்தில் வயற்காணி சிலர் கையிற் குவிந்தபோது, கூலி உழைப்பாளியின் மகளுக்கு வீடு கட்டுவது மென்மேலும் கடினமாயிற்று. எழுபதுகளின் பிற்பகுதியிலிருந்து வளைகுடா நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்றவர்களிற் கணவனை இழந்த தாய்மாரும் அடங்குவர். மகளின் வீட்டுக்காகத் தன் நடுவயதை அந்நிய நாட்டுச் சமையலறையிற் செலவிடும் பெண்ணுக்கு மறுமணம் மறுக்கப்படவில்லை. அதற்குரிய காலமே அவளிடமிருந்து கூலியாக வாங்கப்பட்டுவிடுகின்றது.

ஆணின் நிலையும் ஆராய்தற்குரியது. மனைவியின் வீட்டில் வாழ்ந்தவன் அவள் இறந்தபின் தன் பெண்மக்களின் வீட்டில் ஒருவகை விருந்தாளியாகின்றான். எனவே கூரைக்காகவும் அவன் மறுமணத்தை நாடவேண்டியுள்ளது. இறந்தவளின் தங்கை மணமாகாதிருப்பின் உறவினர் முதலில் எண்ணுவது அவளையே. மனைவி இறந்தபின் அவள் சகோதரியை மணத்தலை மார்க்கம் விலக்கவில்லை. பிள்ளைகள் தாய்வழி வளவிலேயே வளர்வர், சொத்தும் சிதறாது. இவ்வேற்பாட்டில் அத்தங்கையின் விருப்பம் எத்துணை கேட்கப்படுகின்றது என்பதே வினா.

குடும்பம், தனிச்சொத்து என்பவற்றின் தோற்றம் பற்றி 1884 இல் எழுதிய எங்கெல்சின் வாழ்க்கையிலும் இதற்கொப்பான நிகழ்ச்சி உண்டு. அயர்லாந்து வழிவந்த தொழிலாளிப் பெண்ணான மேரி பேர்ன்ஸ் 1863 இல் இறந்தபின், எங்கெல்ஸ் அவளுடைய தங்கை லிசியோடு வாழ்ந்தார். 1878 செப்டெம்பரில் லிசி மரணப் படுக்கையில் இருந்தபோது, அவளுடைய விருப்பப்படி மணஞ் செய்துகொண்டார். தங்கையை மணக்கும் வழக்கம் அவ்வுறவை உண்டாக்கவில்லை. காக்கவேண்டிய சீதனமும் அதில் இருக்கவில்லை. சொத்தின் நிர்ப்பந்தம் நீங்கும்போதே அன்பு மணத்தின் ஒரே காரணமாக இயலும் என்ற அவருடைய வாதத்துக்கு அவருடைய வாழ்க்கையே ஓரளவு உரையாகும்.

8

இருபதாம் நூற்றாண்டில் இவ்வமைப்பின்மீது புதியதொரு சக்தி வந்து சேர்ந்தது. அது அரசின் காணிச் சட்டமாகும். 1949 இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. அம்பாறை 1961 இல் தனி மாவட்டமாயிற்று. குடியேற்றக் காணிகள் 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் மூலம் வழங்கப்பட்டன. அனுமதிப்பத்திரம் பெரும்பாலும் 'குடும்பத் தலைவன்' பெயரிலேயே எழுதப்பட்டது. பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்கப்படாத வாழ்க்கைத் துணை அக்காணியை அனுபவிக்கலாம். மறுமணஞ் செய்தால் அவ்வுரிமை அவரை விட்டு நீங்கும் என அச்சட்டம் வகுத்தது. வாசகம் ஆண் பெண் இருவருக்கும் பொதுவானது. பத்திரம் ஆண்களின் பெயரில் இருந்தமையால் அதன் சுமை கைம்பெண்கள்மீதே விழுந்தது. உரித்து நிரலில் ஆண்மக்களுக்கு அளிக்கப்பட்ட முன்னுரிமை 2022 ஆம் ஆண்டுத் திருத்தத்தினாலேயே நீக்கப்பட்டது. 1856 இன் இந்து விதவைச் சட்டத்திலிருந்த நிபந்தனை, அதனை ஒருபோதும் அறியாதிருந்த தாய்வழி வயல்வெளிக்கு, நவீன அபிவிருத்தியின் பெயரால் வந்து சேர்ந்தமை வரலாற்றின் கசப்பான முரணாகும்.

போரும் கடல்கோளும் இப்பிரச்சினையை ஏட்டிலிருந்து வீதிக்குக் கொணர்ந்தன. வடக்கிலும் கிழக்கிலும் 89,000 கைம்பெண்கள் இருப்பதாகவும், அவர்களுள் 49,000 பேர் கிழக்கிலேயே இருப்பதாகவும் 2010 இல் அரசு தரப்பிற் கூறப்பட்டது. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடல்கோளில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். இம்மாவட்டத்தின் தங்குமுகாம்களில் நிகழ்த்தப்பட்டு 2006 இல் வெளியான மருத்துவ ஆய்வொன்றின்படி, ஆண்களில் 8.2 வீதமும் பெண்களில் 17.5 வீதமும் இறந்திருந்தனர். போர் கைம்பெண்களைப் பெருக்கியது. கடல் தபுதாரரைப் பெருக்கியது.

கடல்கோளின்பின் கொடையாளர் கட்டிய வீடுகள் பெரும்பாலும் குடும்பத் தலைவர் என்ற முறையில் ஆண்களின் பெயரில் வழங்கப்பட்டன. மக்கில்வ்ரேயும் பற்றீசியா லோறன்சும் 2010 இல் வெளியிட்ட ஆய்வு, இப்பிரதேசக் குடும்பங்கள் அவ்வீடுகளை மகளின் சீதனம் என்ற கண்ணோடேயே நோக்கியமையை எடுத்துக்காட்டுகின்றது. அழிந்த வீடு தாயினுடையது. புதிய வீட்டின் பத்திரம் தந்தையினுடையது. தந்தை மறுமணஞ் செய்யும்போது, புதிதாக வரும் பெண் தனக்குரிமையற்ற வீட்டிற் குடிபுகுகின்றாள். இறந்த தாயின் மகள் தனக்கு உரியதாக இருந்திருக்க வேண்டிய வளவை இழக்கின்றாள். இரு பெண்களும் ஒருவரையொருவர் எதிரியாகக் காண்கின்றனர். அவ்வெதிர்ப்பை உண்டாக்கிய பத்திரமோ அலுவலகக் கோவையில் அமைதியாக இருக்கின்றது.

9

மேற்கூறியவற்றிலிருந்து சில முடிபுகளைத் தொகுத்துக் கூறலாம்.

இழப்பின்பின் மீண்டும் அன்புகொள்ளுதல் மனித இயல்பாகும். அதனை நோன்பாலோ பழியாலோ அடக்கிய சமூகங்கள் யாவும் ஏதோவொரு சொத்தைக் காத்துக்கொள்ளவே அவ்வாறு செய்தன. கிழக்கிலங்கை முஸ்லிம் கிராமங்களில் அவ்வன்புக்கு ஒப்பீட்டளவில் இடம் கிடைத்தமைக்கு, மறுமணத்தை அனுமதித்த கருத்துநிலையும் பெண்ணின் கையிலிருந்த வீடும் ஒருங்கே காரணமாயின. சீதனச் சந்தை, அரச காணிச் சட்டம், குடும்பத் தலைவர் என்னும் நிருவாகக் கருத்து ஆகிய மூன்றும் அவ்விரண்டாவது காரணியை அரித்து வந்துள்ளன.

முதலாவது காரணியும் முழுமையானதன்று. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம், கைக்கூலியைக் காதி நீதிமன்றம் மூலம் மீட்கும் உரிமையைப் பெண்ணுக்கு வழங்கியது. அதே சட்டம் வகுத்த விவாகப் பதிவில் மணமகனும் மணமகளின் வொலியும் ஒப்பமிடுவர். மணமகளின் ஒப்பத்துக்கு இடம் வகுக்கப்படவில்லை. மார்க்க மரபு வாய்திறந்து பேசவேண்டும் எனக் கோரிய அப்பெண்ணின் சொல், பதிவேட்டில் ஒரு கோடாகக்கூட இடம்பெறவில்லை. நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009 இல் நியமிக்கப்பட்ட குழு தன் அறிக்கையைக் கையளித்த ஆண்டு 2018. அதன்பின் நிகழ்ந்த விவாதங்களில் ஒப்பத்தைக் கோரியோர் மார்க்கத்துக்குப் புறம்பானதைக் கேட்பதாகக் குறைகூறப்பட்டனர். சுபைஆவின் நிகழ்ச்சியை அறிந்தோர் அவ்வாறு கூறார்.

ஆகவே முற்போக்குச் சிந்தனையாளர் கோரவேண்டியவை இரண்டு. மணப்பதிவேட்டிற் பெண்ணின் ஒப்பம் ஒன்று. காணிப் பத்திரத்திற் பெண்ணின் பெயர், மறுமணத்தால் அழியாத உரிமையுடன், மற்றொன்று. முன்னதை மட்டும் கோருவோர் 1856 இன் சீர்திருத்தவாதிகள் நின்ற இடத்திலேயே நிற்பர். பின்னதை மட்டும் கோருவோர், வீடிருந்தும் மௌனமாயிருக்கும் பெண்களைப் பற்றி விடைகூற இயலாதவராவர். கல்முனை முதல் அக்கரைப்பற்று வரையுள்ள ஊர்களின் சீதன உறுதிகளையும் காதி நீதிமன்றப் பதிவேடுகளையும் அருகருகே வைத்து ஆராய்வது பல்கலைக்கழகத் தமிழ் ஆய்வாளரின் அடுத்த பணியாகும். நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் தேடித்தொகுத்த நாட்டார் கவிகளில் மச்சானும் மச்சியும் கொள்ளும் இளமைக் காதலை நாம் போற்றி வந்துள்ளோம். வாழ்ந்து இழந்து மீண்டும் விரும்பியவர்களின் வரலாறு உறுதிகளிலும் பதிவேடுகளிலும் புதைந்து கிடக்கின்றது. அதனை வெளிக்கொணர்தல் இலக்கிய ஆய்வின் எல்லைக்குப் புறம்பானதன்று.